மதகை மூடச் சொன்னது யார்?

ஒரு காட்டில் ஒரு பேரூராட்சி இருந்தது. மற்றக் காடுகளில் புலி இருக்கும், யானை இருக்கும். இந்தக் காட்டில் அவை இரண்டும் பேரூராட்சி வந்த புதிதிலேயே வேறு இடம் பார்த்துப் போய்விட்டன. மனு எழுதப் பொறுமை உள்ளவை மட்டும் தங்கின.

பேரூராட்சித் தலைவர் ஒரு கரடி. பெயர் பலவேசம். பெரிய உடம்பு, நிதானமான குணம். யார் வந்து எதைக் கேட்டாலும் "பாத்துக்கிடலாம்" என்பார். செயல் அலுவலர் ஓர் ஆந்தை. அலுவலக நேரம் பகல் என்பதால், பணியில் சேர்ந்த நாள் முதல் அவர் கண்ணைத் திறந்து எதையும் பார்த்ததில்லை. அதனால் அவர் மேல் புகாரும் கிடையாது.

தீர்மானப் புத்தகத்தைக் கரையான்கள் தின்றுவிட்டன. முறைப்படி விண்ணப்பித்து, அனுமதி வாங்கிய பிறகுதான் தின்றன. அதன்பின், மன்றத்தில் நடப்பதையும் தலைவர் அறையில் பேசுவதையும் நினைவில் வைத்துக்கொள்ள ஒரு மலை மைனாவை நியமித்தார்கள். காதில் விழுந்த எதையும் அது மறக்காது. யார் குரலில் கேட்டதோ அதே குரலில் திருப்பிச் சொல்லும். ஆனால் திருப்பிச் சொல் என்று அதனிடம் யாரும் கேட்டதில்லை. நேரத்துக்குப் பழம் மட்டும் போய்க்கொண்டிருந்தது.

இந்த ஊரின் ஓடையில், மதகுக்குக் கீழே, வளைவு திரும்பும் இடத்தில் ஆவுடை என்ற நீர்நாய் குடியிருந்தாள். அவளுக்கு இரண்டு குட்டிகள். மழைக்காலத்தில் பிறந்தவை. அந்த மழைக்காலத்திலேயே மூடிய மதகை இன்னும் திறக்கவில்லை. மதகின் மேல் "பராமரிப்புப் பணி நடைபெறுகிறது" என்று ஒரு பலகை தொங்கியது. நடந்த பணி அந்தப் பலகையைத் தொங்கவிட்டது மட்டும்தான். ஓடை சுருங்கிச் சுருங்கி, ஆவுடை வீட்டு வாசலில் வால் நனைக்கும் அளவுக்கு ஒரு குட்டையாக நின்றது.

வெளியூர்க்காரர்களுக்கு ஒரு விஷயம் தெரியாது. நீர்நாய்க் குட்டிக்கு நீச்சல் தானாக வராது. தாய் கழுத்தைக் கவ்வி இழுத்துப் போய்த் தண்ணீரில் போட்டுப் பழக்க வேண்டும். அதற்கு ஒரு பருவம் உண்டு. அது தப்பினால் தண்ணீரைக் கண்டாலே பயம் வந்துவிடும். ஆவுடையின் சித்தி ஒருத்தி அப்படி ஆனவள். கடைசிவரை கரையில் எலி பிடித்துத் தின்றே காலம் தள்ளினாள். சொந்தக்காரர் வீட்டு விசேஷங்களில் அவளுக்கு மட்டும் ஓரமாக இலை போட்டார்கள்.

ஆவுடை குட்டிகளை மணலில் கிடத்திச் சொல்லிக்கொடுத்தாள்.

"கையை அகட்டி வீசு. வாலைத் திருப்பு. தலையைத் தூக்காத."

"வீசிட்டேம்மா. வாய்க்குள்ள மண்ணு போவுது."

"தண்ணின்னு நெனச்சுக்கோ."

"தண்ணி இப்படித்தான் இருக்குமா?"

ஆவுடை பேரூராட்சி அலுவலகத்துக்குக் கிளம்பினாள்.

ஆந்தை மேசைக்குப் பின்னால் கண்ணை மூடி உட்கார்ந்திருந்தார்.

"சார், மதகை எப்போ திறப்பீங்க?"

"பணி முடிஞ்சதும் திறப்போம்மா."

"பணியே ஆரம்பிக்கலையே சார்."

"ஆரம்பிக்காத பணி எப்படிம்மா முடியும்? பொறுமையா இருக்கணும்."

"சரி, யாரு சொல்லி மூடினீங்க? அதையாவது சொல்லுங்க."

ஆந்தை சற்று நேரம் யோசித்தார். அல்லது தூங்கினார். இரண்டுக்கும் அவருக்கு ஒரே முகம்தான்.

"அது மன்றத்துல கேக்க வேண்டிய கேள்வி. உங்க வார்டு உறுப்பினரைப் பாருங்க."

ஓடை வார்டு உறுப்பினர் ஓர் ஓணான். ஆவுடை சொல்லச் சொல்ல அவர் தலையை ஆட்டினார். இவ்வளவு அக்கறையாகக் கேட்கிறாரே என்று அவளுக்கு நெஞ்சு குளிர்ந்தது. திரும்பிப் பார்த்தபோது அவர் எதிரே இருந்த வேப்பமரத்தைப் பார்த்தும் அப்படியே தலையாட்டிக்கொண்டிருந்தார்.

மன்றக் கூட்டத்துக்கு ஆவுடையே போனாள். பொதுமக்கள் உட்கார ஒரு விழுந்த மரம் போட்டிருந்தார்கள். டீ வந்தது, மிக்சர் வந்தது. ஆந்தை தொண்டையைச் செருமி, "பொருள் எண் ஒன்று..." என்று தொடங்கினார். உடனே உறுப்பினர்கள் எல்லோரும் மேசையைத் தட்டி "ஆல் பாஸ்!" என்றார்கள். அத்தனை பொருளும் நிறைவேறிவிட்டன. விழுந்த மரத்தில் இருந்த பொதுமக்களும் மரத்தைத் தட்டி "ஆல் பாஸ்!" என்றார்கள். யாரும் அவர்களைக் கேட்கவில்லை. வருடக்கணக்காகக் கூட்டம் பார்த்த பழக்கம். அந்த ஊரில் கல்யாண வீட்டில் தாலி கட்டும் நேரத்தில்கூடப் பின்வரிசையிலிருந்து ஒரு குரல் "ஆல் பாஸ்" என்று வரும். பெண் வீட்டார் தப்பாக எடுத்துக்கொள்வதில்லை.

ஆவுடை எழுந்தாள். "தலைவரே, ஒரு கேள்வி. மதகை..."

பலவேசம் நெஞ்சில் கைவைத்து எழுந்து நின்றார். ஒலிபெருக்கியில் காட்டு வாழ்த்து தொடங்கியது. காட்டு வாழ்த்து பாடும்போது யாரும் அசையக் கூடாது, பேசக் கூடாது. அது முடிவதற்குள் கூட்டம் முடிந்துவிடும் என்பது மரபு. பாட்டு நின்றபோது தலைவர் நாற்காலி காலியாக இருந்தது. யாரோ டீ கிளாஸ்களைக் கழுவிக்கொண்டிருந்தார்கள்.

வெளியே வந்த ஆவுடையை முள்ளம்பன்றி இசக்கி பிடித்துக்கொண்டான். அவன் குடியிருப்போர் நலச் சங்கத்தின் செயலாளர். ஆத்திரம் வந்தால் முட்கள் எல்லாம் எழுந்து நிற்கும். சங்க வேலை பார்ப்பதால் அவை படுப்பதே இல்லை.

"யக்கா, இதுல பெரிய கை ஒண்ணு இருக்கு. சின்ன ஆளு சொல்லி மதகை மூடுவாங்களா? எவன்னு கண்டுபிடிக்கணும். ஊரே உங்க பின்னால நிக்கும்."

ஊர் நின்றது. காட்டுப்பன்றி கொம்பையா வந்தான். காட்டுக்கோழி பிச்சம்மா குஞ்சுகளோடு வந்தாள். உடும்பு, முயல், கீரி என்று வார்டு வாரியாக வந்தார்கள். பெரிய பதாகை ஒன்று கட்டினார்கள். அதில் வறண்ட ஓடையின் படம் சின்னதாகவும் இசக்கியின் படம் பெரிதாகவும் இருந்தன. "மதகை மூடச் சொன்னது யார்? மக்களுக்குச் சொல்!" என்று கோஷம் போட்டபடி பேரூராட்சி வாசலில் உட்கார்ந்தார்கள். ஆவுடைக்குக் கண் கலங்கியது. தன் குட்டிகளுக்காக இத்தனை பேரா என்று நினைத்தாள்.

பலவேசம் வெளியே வந்தார்.

"என்ன வேணும் உங்களுக்கு?"

"வெளிப்படைத்தன்மை வேணும்!" என்றான் இசக்கி.

"பிறகு?"

"பொறுப்புக்கூறல்" என்றான் கொம்பையா. சொல் சரிதானா என்று ஒருமுறை பதாகையைத் திரும்பிப் பார்த்துக்கொண்டான்.

"பாத்துக்கிடலாம்னு சொல்லி உள்ள போயிராதீங்க தலைவரே" என்றாள் ஆவுடை.

"ஏன் போறேன்? வெள்ளிக்கிழமை மருதமரத்தடிக்கு வாங்க. மைக் போட்டுத் தாரேன். மதகு விஷயமா என் அறைக்கு யாரு யாரு வந்தா, என்ன பேசினா, எல்லாத்தையும் மைனா சொல்லட்டும். ஒண்ணு விடாம."

காலவரையற்ற உண்ணாவிரதத்துக்குப் பந்தலும், பந்தலுக்குப் பின்னால் மதியச் சாப்பாடும் சொல்லிவைத்திருந்த இசக்கிக்குக் கொஞ்சம் ஏமாற்றம்தான்.

வெள்ளிக்கிழமை எல்லோரும் குளித்துச் சீவி வந்திருந்தார்கள். மைனா மைக்கின் மேலேயே உட்கார்ந்தது. பலவேசம் ஒரு பன்னை டீயில் நனைத்துக்கொண்டே, "கடைசியா வந்தவங்கள்ல இருந்து ஆரம்பி. அப்படியே பின்னால போ" என்றார்.

மைனா முதலில் சரசரவென்று ஒரு சத்தம் எழுப்பியது. முட்கள் உரசும் சத்தம். பிறகு இசக்கியின் குரல் காடு முழுக்கக் கேட்டது.

"அண்ணாச்சி, சும்மா இந்தப் பக்கம் வந்தேன். ஓடை காஞ்சுதானே கிடக்கு, ஓரமா ரெண்டு கிழங்கு ஊணியிருக்கேன். இப்பப் போயி மதகைத் திறந்துராதீங்க. கிழங்கு எடுக்குற வரைக்கும் போதும்."

"பாத்துக்கிடலாம்" என்று மைனா தலைவர் குரலில் முடித்தது. மிக்சர் மெல்லும் சத்தத்தையும் சேர்த்துச் சொன்னது.

எல்லோரும் இசக்கியைப் பார்த்தார்கள். முதன்முறையாக அவன் முட்கள் படுத்திருந்தன.

"ஓரமாத்தான் போட்டேன். ஒரு கிழங்குக்காக ஓடையையே மூடுவாங்களா? நீங்களே சொல்லுங்க."

கொம்பையா விழுந்து விழுந்து சிரித்தான். "செயலாளரே, கிழங்கு நல்லா விளைஞ்சிருக்கா? சங்கத்துக்குக் கொஞ்சம் குடுக்கது!"

மைனா ஓர் உறுமல் உறுமியது. கொம்பையாவின் சிரிப்பு நின்றது.

"அண்ணாச்சி, ஓடைக்குள்ள ஒரு சேத்துக்குழி போட்டிருக்கேன். இடுப்பு வலிக்கு நல்லாயிருக்கு. தண்ணி வந்தா சேறு கரைஞ்சு போயிரும், பாத்துக்கிடுங்க."

அடுத்துப் பிச்சம்மாவின் குரல், பின்னணியில் குஞ்சுகளின் கீச்சொலியோடு. ஓடை மணலில் புழு நிறைய இருக்கிறது, பிள்ளைகள் கிளறிப் பழகிவிட்டன, மதகு இப்படியே இருந்தால் புண்ணியமாகப் போகும் என்றது. பிறகு உடும்பு, கீரி, முயல். முயல் கேட்டதுதான் ஆகச் சின்னது. ஓடைக்குள் குறுக்கு வழி ஒன்று கிடைத்திருக்கிறதாம், அதில் நடந்து பழகிவிட்டதாம்.

யாரும் பெரிதாக எதையும் கேட்கவில்லை. ஆளுக்கொரு ஓரம்தான் கேட்டார்கள். ஓரங்களை எல்லாம் கூட்டினால் மதகிலிருந்து ஆவுடை வீடு வரை ஓடை முழுவதும் வந்துவிட்டது. அந்தப் பாத்திகளையும் குழிகளையும் ஆவுடை தினமும் பார்த்துக்கொண்டுதான் இருந்தாள். அக்கம்பக்கத்தார் ஏதோ கொஞ்ச நாளைக்கு வைத்திருக்கிறார்கள் என்று நினைத்தாள். இசக்கி அவளுக்கு ஒரு கிழங்குகூடக் கொடுத்திருந்தான்.

"ஏ இசக்கி" என்றாள் ஆவுடை. "எம்பிள்ளைங்க மண்ணுல நீந்திக்கிட்டுக் கிடக்கு. நீ மதகைத் திறக்காதன்னு அங்க சொல்லிட்டு, இங்க வந்து எங்கூட நின்னு கோஷம் போட்டியேலே!"

"கோஷம் உண்மையாத்தான் போட்டேன் யக்கா. சத்தியமா." இசக்கியின் குரலில் பொய் இல்லை. "நாங்க எல்லாரும் மூடின பிறகு வந்தவங்க. மூடிக் கிடக்கு, கொஞ்சம் கிடக்கட்டும்னு சொன்னோம். அவ்வளவுதான். முதல்ல மூடச் சொன்னவன் ஒருத்தன் இருப்பாம்லா? அவன் மூடாம இருந்தா நாங்க இறங்கியிருப்போமா? ஊரைக் கெடுத்தவன் அவன்தான்!"

கூட்டத்துக்கு மூச்சு வந்தது. தலை குனிந்திருந்தவர்கள் நிமிர்ந்தார்கள்.

"ஆமா, அவனைச் சொல்லு!" என்றான் கொம்பையா.

"மூடச் சொன்னது யார்?" என்று பிச்சம்மா கூவினாள். குஞ்சுகளும் கூவின. மருதமரத்தடி அதிர்ந்தது. எல்லோரையும்விட உரக்கக் கத்தியது ஆவுடைதான்.

பலவேசம் பன்னைக் கீழே வைத்தார். ஆவுடையைப் பார்த்தார். அது இரக்கமாகவும் இருக்கலாம். கரடியின் முகத்தில் கண்டுபிடிப்பது கஷ்டம்.

"ஆவுடை, இன்னும் சொல்லணுமா?"

"சொல்லணும். எல்லாருக்கும் கேக்குற மாதிரி சொல்லணும்."

"உன் இஷ்டம்."

மைனா கண்ணை மூடி நினைவுபடுத்திக்கொண்டது. முதலில் மழைச் சத்தம் வந்தது. ஐப்பசி மழை, ஓட்டின் மேல் கொட்டுகிற சத்தம். பிறகு யாரோ களைத்துப்போய் மூச்சு வாங்குவது கேட்டது. அந்த மூச்சுக்கு அடியில் மெல்லிசாக இரண்டு முனகல்கள், கண் திறக்காத குட்டிகளின் முனகல்.

தன் குரலை வெளியிலிருந்து கேட்டால் யாருக்கும் சட்டென்று அடையாளம் தெரியாது. பிள்ளைகளின் முனகல் அப்படியில்லை. அது யார் பிள்ளைகள் என்று ஆவுடைக்கு உடனே தெரிந்தது. பிள்ளை பெற்று எழுந்த உடம்பு. வெள்ளம் வளைக்குள் ஏறி வந்த நாள். குட்டிகளை வாயில் கவ்விக்கொண்டு தலைவர் அறை வாசலில் போய் நின்றிருக்கிறாள். கொஞ்ச நாளைக்குத் தண்ணீரைக் குறைத்துவிடச் சொல்லிக் கேட்டிருக்கிறாள். அன்று மாலையே வெள்ளம் வடிந்தது. அவள் குட்டிகளைக் காய்ந்த இடத்தில் போட்டுவிட்டு அசந்து தூங்கிப்போனாள். எழுந்தபோது நினைவில் குட்டிகள் மட்டும்தான் இருந்தன.

"அண்ணாச்சி..." என்றது மைனா, ஆவுடையின் குரலில்.

"ஆல் பாஸ்!" என்று ஆவுடை அலறினாள்.

அந்த ஊரில் அந்தச் சொல்லைக் கேட்டுவிட்டு யாராலும் சும்மா இருக்க முடியாது. கொம்பையாவின் குளம்பு தானாகத் தரையைத் தட்டியது. பிச்சம்மா இறக்கையை அடித்துக்கொண்டாள். ஓணான் தலையாட்டினார். "ஆல் பாஸ்! ஆல் பாஸ்!" என்று கூட்டம் முழங்கியது. ஆந்தை கண்ணைத் திறக்காமலே, தீர்மானம் ஒருமனதாக நிறைவேறியதாக அறிவித்தார். பலவேசம் நெஞ்சில் கைவைத்து எழுந்தார். காட்டு வாழ்த்து தொடங்கியது.

அசையாமல் நின்றபடி இசக்கி கடைவாயால் கேட்டான். "யக்கா, பேரு வருமுன்னாலயே ஏன் முடிச்சு விட்டீங்க?"

"பாட்டு ஓடுதுலே. பேசாத."

கூட்டம் கலைந்தது. மைக் வயரைச் சுற்றிக்கொண்டிருந்தார்கள். பலவேசம் ஆவுடையைத் தனியாகக் கூப்பிட்டார்.

"நீ அன்னைக்குக் கேட்டது நியாயம்தான். கொஞ்ச நாளைக்குன்னுதான் கேட்ட. அந்தக் கொஞ்ச நாள் முடிஞ்சுட்டுன்னு நீ வந்து சொல்லவே இல்லையே."

"இப்பச் சொல்லுதேன். திறங்க."

"இப்பத் திறந்தா அத்தனை பேரும் முழுகுவான். தேர்தல் வருது. அதோட, மைனாகிட்ட மிச்சத்தையும் கேளுங்கன்னு நான் சொல்ல வேண்டியிருக்கும்."

ஆவுடை தலையைக் குனிந்துகொண்டாள். "எம்பிள்ளைங்களுக்கு நீச்சல் வராமப் போயிரும், அண்ணாச்சி. இந்த மாசம் தப்பினா பிறகு பழக்க முடியாது."

"பாத்துக்கிடலாம்" என்றார் பலவேசம். இந்த முறை உண்மையாகவே பார்த்தார். அலுவலகத்துக்குப் பின்னால் ஊருக்கே குடிதண்ணீர் போகிற மேல்நிலைத் தொட்டி நின்றது. அதன் மூடிச் சாவியை எடுத்து அவள் கையில் வைத்தார். "விடியக்காலம் ஏறிட்டு, ஊரு எந்திரிக்குமுன்ன இறங்கிரு. யாருக்கும் தெரிய வேண்டாம்."

ஆவுடை நேர்மையானவள். அதனால் மறுநாள் விடியற்காலையில் குட்டிகளோடு தொட்டி வரை நடந்துபோன நேரம் முழுக்க யோசித்தாள்.

மூத்ததைக் கழுத்தில் கவ்வித் தண்ணீருக்குள் போட்டாள். அது மூழ்கியது, திணறியது, கையை அகட்டி வீசியது. வாலைத் திருப்பியது. மேலே வந்தது. "அம்மா, மண்ணே இல்லை!" என்று கத்தியது. தொட்டிச் சுவரில் பட்டு அந்தக் குரல் நாலு பக்கமும் திரும்பி வந்தது. இளையது யாரும் போடாமலே குதித்தது. கொஞ்ச நாளில் இரண்டும் சுழன்று, மல்லாந்து, தலைகீழாகப் பாய்ந்து விளையாடின. மீன் பிடிக்கப் பழக வேண்டும் என்று ஆவுடை சில மீன்களையும் கொண்டுவந்து தொட்டிக்குள் விட்டாள். சித்தியின் கதி பிள்ளைகளுக்கு இல்லை என்று நிம்மதியாக இருந்தது.

ஒருநாள் காலையில் இசக்கி அவள் வீட்டுக்கு ஓடி வந்தான். முட்கள் எல்லாம் எழுந்து நின்றன.

"யக்கா, அநியாயம் நடக்கு! குழாயைத் திறந்தா மீன் வாடை குடலைப் புரட்டுது. பிச்சம்மா வீட்டுல குழாயிலிருந்து செதில் விழுந்திருக்கு. எவனோ தொட்டிக்குள்ள இறங்குதான். தலைவருக்குத் தெரியாம இருக்குமா? பெரிய கை ஒண்ணு இருக்கு."

"அப்படியா?" என்றாள் ஆவுடை. அவள் மீசையிலிருந்து ஒரு சொட்டு கீழே விழுந்தது.

"நீங்கதான் முன்னால நிக்கணும். போராட்டத்துல உங்களுக்குத்தான் அனுபவம்."

"நிக்கேன். ஊருக்காக நிக்காம எப்படி? ஆனா ஒண்ணு இசக்கி. வெளிப்படைத்தன்மை வேணும்னு கேப்போம். மைனாவை மட்டும் கூப்பிட வேண்டாம்."

இசக்கி ஓடைப் பக்கம் பார்த்தான். கிழங்குக் கொடி இரண்டாம் போகத்துக்குப் படர்ந்து கிடந்தது.

"மைனா எதுக்கு யக்கா?" என்றான். "நம்ம கோரிக்கை வேற, மைனா வேற."

அன்று மாலை பேரூராட்சி வாசலில் இதுவரை காணாத கூட்டம். முன்வரிசையில் ஆவுடை நின்றாள். தொட்டிக்குள் இறங்குவது யார் என்று மக்களுக்குச் சொல் என்று அவள் தொண்டை கிழியக் கத்தினாள். பக்கத்தில் அவள் குட்டிகளும் அம்மாவைப் பார்த்துக் கையை உயர்த்திக் கத்தின. தலைவர் பலவேசம் வெளியே வந்து, கோரிக்கை மிக நியாயமானது என்று சொல்லி, அதை விசாரிக்க ஆவுடை தலைமையில் ஒரு குழு அமைத்தார். ஆல் பாஸ் ஆனது.

நீதி: பேரூராட்சியில் நியாயம் கேட்கப் போகிறவர்கள், போகுமுன் மீசையைத் துடைத்துக்கொள்ள வேண்டும்.